மணப்பாட்டு இருபது தோணிகள்



டிசம்பர் மாதம் 3-ந் தேதி அர்ச். பிரான்சிஸ் சவேரியார் திருநாள். திண்டுக்கல் பட்டணத்திலும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலும் சவேரிமுத்து, சவரியம்மாள், சேவியர் என்ற பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. அவருடைய சுரூபமும் பழக்கமானதே. பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திப் பிடித்த கை, ஞானஸ்நானம் கொடுக்கும் கை. ஆனால் இவ்வாரம் அவரை வேறொரு கோலத்தில் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்: யுத்தத்தில் வீடிழந்த ஜனங்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகத் தோணி தேடி அலைந்த மனிதராக.

யுத்தம் என்றால் என்னவென்று அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. 1506-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தார். அவருக்கு 6 வயதாயிருக்கையில் அண்டைநாட்டுப் படைகள் வந்து நவாரைப் பிடித்துக்கொண்டன. 1515-ல் தகப்பனார் இறந்தார். மறுவருஷம் வெற்றிபெற்றவர்களின் உத்தரவுப்படி அவர்களுடைய கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. மூத்த சகோதரர் இருவரும் தோற்ற கட்சியில் சேர்ந்து போர் செய்தவர்கள். பெரிய இடத்துப் பிள்ளைதான், ஆனாலும் சொந்த வீட்டின் மதில் விழுவதைக் கண்ட பிள்ளை.

பாரீஸ் நகரில் படித்ததும், அங்கே அர்ச். இஞ்ஞாசியாரின் தோழரானதும் உங்களில் அநேகருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லுகிறேன். 1538-ம் வருஷக் கடைசியில் ரோமாபுரியில் கடுங்குளிரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. தெருவில் விழுந்து கிடந்தவர்களை அந்தத் தோழர்கள் தங்கள் வீட்டிற்குத் தூக்கிவந்து படுக்க வைத்து, தாங்களே பிச்சை எடுத்து உணவு கொடுத்தார்கள். அவர்களிடம் பணம் இல்லை. இருப்பவர்களிடம் கேட்டு இல்லாதவர்களிடம் சேர்ப்பதே அவர்கள் அறிந்த வழி. பின்னாளில் நம் நாட்டுக் கடற்கரையில் சவேரியார் செய்ததும் அதுதான்.

1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கினார். அவ்வருஷம் அக்டோபரிலேயே தெற்கே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். பரதவ ஜனங்களின் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, இரு பாஷையும் தெரிந்தவர்களின் உதவியால் தமிழில் ஆக்கிய ஜெபங்களைக் கற்பித்தார். இவற்றை விரைவாகத் தாண்டி 1544-ம் வருஷத்திற்கு வருவோம்.

அவ்வருஷம் ஜூன் மாதத்தில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களின்மேல் பாய்ந்தது. வடுகர் என்று அக்காலத்தில் சொன்னது வடக்கேயிருந்து வந்த விஜயநகரப் பேரரசின் குதிரைப்படையை. அந்தப் பெயரை வைத்து இன்று நம்மிடையே வசிக்கும் எந்த ஜனத்தாரையும் நினைக்கவேண்டாம். அரசர்களின் சண்டைக்குக் குடிகள் பொறுப்பல்ல. சிலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் ஓடுவதற்கு நிலமில்லாமல் கடலில் இறங்கி, குமரிமுனைக்கு எதிரேயுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். நீங்கள் கன்னியாகுமரிக்குப் போயிருந்தால் அந்தக் கடலில் பாறைகள் நிற்கும் நிலையைப் பார்த்திருப்பீர்கள். மரமில்லை, குடிக்க நீரில்லை, வெயிலும் உப்புக்காற்றுமே உண்டு. அங்கே குழந்தைகளும் கிழவர்களும் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சேதி சவேரியாருக்குக் கொம்புத்துறையில் எட்டியது. மணப்பாட்டிற்கு விரைந்து வந்து, 20 தோணிகளைத் திரட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டார்.

இந்த இடத்தில், கதை கேட்டுப் பழகிய நாம், புனிதர் போனதும் காற்று அடங்கியது என்று எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. ஆனி, ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்று சமவெளியில் இருக்கும் நமக்கே தெரியும். குமரிமுனையில் அது எதிர்த்து அடித்தால் சின்னத் தோணி என்ன செய்யும்? துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். எட்டு நாள் போராடியும் முனையை எட்ட முடியாமல் மணப்பாட்டிற்கே திரும்பினார்கள்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. கடல் வழி விடாததால் கரைவழியே நடந்தார். மணப்பாட்டிலிருந்து குமரிமுனை ஏறத்தாழ திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் தூரம், அதுவும் மணல்வெளியில். வழியில் கண்டதை அவர் தம் துணைவர் பிரான்சிஸ் மான்சிலாஸ் என்பவருக்கு ஆகஸ்டு முதல் தேதி எழுதியிருக்கிறார். சிலரிடம் ஒரு பிடி உணவும் இல்லை. வயோதிகர்கள் நடக்கமாட்டாமல் பின்தங்கினார்கள். சிலர் இறந்துபோயிருந்தார்கள். சில ஸ்திரீகள் பாதையிலேயே பிரசவித்தார்கள். அந்த ஏழைகளையெல்லாம் மணப்பாட்டிற்கு வரச்செய்து அங்கே தங்கவைத்தார். தமிழ்நாட்டில் அகதிகளுக்கென்று ஏற்பட்ட பழைய தங்குமிடங்களில் இது ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

சரி, வந்தவர்களுக்கு யார் சோறு போடுவது? தூத்துக்குடி, புன்னைக்காயல், கொம்புத்துறை ஊர்களின் பட்டங்கட்டிகளுக்கு, அதாவது ஊர்த் தலைவர்களுக்கு, உதவி அனுப்பும்படி சவேரியார் எழுதினார். ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார். ஏழைகளிடம் எதுவும் வாங்கக்கூடாது. கொடுக்க இயன்றவர்களும் மனமுவந்து கொடுத்தால்தான் பெறவேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. வாசகர்களே, இந்த நிபந்தனையைச் சற்று கவனியுங்கள். ஆபத்துக் காலத்தில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவது சுலபம். அப்படிப் போட்டால் பெரியவர்கள் பேர் வாங்கிக்கொள்ள, பாரம் கூலிக்காரன் தலையில் விழும். பட்டங்கட்டிகளின் தாராளத்தை அவர் பெரிதாக நம்பியதாகவும் தெரியவில்லை. பணக்காரரின் மனம் இளகும்படி சர்வேசுரனை மன்றாடச் சொன்னார்.

நம் ஊருக்கு இது தூரத்துச் சமாசாரம் அல்ல. 1983-க்குப் பின் இலங்கை யுத்தத்திற்குத் தப்பித் தோணியேறி வந்த குடும்பங்கள் நம் திண்டுக்கல் பக்கத்திலேயே தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் வருஷக்கணக்காக நெருக்கடியில் வாழ்ந்தார்கள். தோட்டனூத்தில் அவர்களுக்காகக் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பர் 14-ந் தேதிதான் திறக்கப்பட்டன. ஓடிவந்தவருக்கு ஒருநாள் சோறு போடுவதோடு காரியம் முடிவதில்லை என்பதை நாம் கண்ணாலேயே கண்டிருக்கிறோம்.

மணப்பாட்டிலும் முடியவில்லை. குதிரைப்படை எந்த ராத்திரியிலும் வரலாம் என்ற பயம் இருந்தது. நிலாக்காலங்களில் காவல் வைக்கவும், தோணிகளைத் தயாராக வைத்திருக்கவும் சவேரியார் சொல்லியனுப்பினார். அக்காலத்தில் அவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை அவசரமான சிறு கடிதங்கள். யாரை அனுப்புவது, எந்த ஊருக்கு எழுதுவது என்ற காரியங்களே அவற்றில் நிறைந்திருக்கின்றன. சிலுவையை உயர்த்தி ஒரு படையையே அவர் திருப்பியனுப்பினார் என்று தெற்கே ஒரு பாரம்பரியம் உண்டு. அதைக் குறித்து நான் வாதாட வரவில்லை. என் மட்டில், எதிர்காற்றில் தோற்றுத் திரும்பிப் பிறகு நடந்துபோன சவேரியாரே என் மனதில் அதிகமாக நிற்கிறார்.

இன்னொரு சம்பவம் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் கொஸ்மே தெ பாய்வா என்ற போர்த்துகீசியக் கப்பித்தான் இருந்தார். முத்துக்குளித்துறை ஜனங்களைக் காப்பது அவர் கடமை. அவரோ லாபத்தை முன்னிட்டு அந்த வடுகர் படைக்கே குதிரைகள் விற்றுவந்தார். சவேரியார் அவரைக் கண்டித்தார். இருவருக்கும் முகங்கொடுத்துப் பேசும் உறவு இல்லாமற்போயிற்று.

1544 செப்டம்பர் ஆரம்பத்தில் தூத்துக்குடியின்மேல் ஆபத்து வந்தது. கப்பித்தானின் கப்பல் எரிந்தது, வீடும் எரிந்தது. அவரும் ஊர் ஜனங்களும் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடினார்கள். மறுபடியும் அதே பசி, அதே தாகம். ஆலந்தலையில் இருந்த சவேரியார் செப்டம்பர் 5-ந் தேதி மான்சிலாசுக்கு எழுதினார்: புன்னைக்காயலிலுள்ள தோணிகளையெல்லாம் கூட்டி, தண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே கப்பித்தானின் உதவிக்குப் போகவேண்டும், தீவுகளில் யாரும் சாகவிடக்கூடாது என்று. கொம்புத்துறைக்கும் வேம்பாருக்கும் அதே அவசரத்தோடு எழுதினார். தாம் நேரில் போகவில்லை. தம்மைக் கண்டால் கப்பித்தானுக்குப் பிடிக்காது என்று அறிந்திருந்தார். செய்த உதவி, பெறுகிறவனுக்கு இன்னொரு வேதனையாகக்கூடாது என்று ஒதுங்கி நின்றார். தண்ணீர் போய்ச் சேர்ந்தால் போதும், யார் கையால் என்பது பெரிதல்ல.

1545-ல் நம் கரையை விட்டு மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள் என்று போனார். 1549-ல் ஜப்பான் சேர்ந்தார். 1552-ல் சீன தேசத்திற்குள் நுழைய எண்ணி, அதன் கரைக்கு அருகேயுள்ள சான்சியான் தீவில் இறங்கினார். கான்டன் நகருக்கு அழைத்துப்போவதாகச் சொன்ன ஒரு சீன வியாபாரியின் தோணிக்காகக் காத்திருந்தார். அந்தத் தோணி வரவில்லை. குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்து டிசம்பர் 3-ந் தேதி உயிர்விட்டார். அப்பொழுது வயது 46. பக்கத்தில் கடைசிவரை இருந்தவர் அந்தோனி என்ற ஒரு சீன வாலிபர். சரீரம் 1554-ல் கோவா வந்து சேர்ந்தது. 1622 மார்ச் 12-ந் தேதி அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது.