‘அலறல்’ வரைந்த எட்வர்ட் மூங்க்: மனச் சிகிச்சைக்குப் பிறகு அவரது ஓவியம் என்ன ஆனது?

வாட்ஸ்அப்பில் அதிர்ச்சியான செய்தி ஏதாவது வந்தால், கன்னங்களில் கை வைத்து வாயைப் பிளந்திருக்கும் எமோஜியைத் தட்டிவிடுவது நம் வழக்கம். அதைப் பார்த்ததும் பலருக்கு நினைவுக்கு வருவது, நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-ல் வரைந்த ‘அலறல்’. இதே ஓவியத்தை அவர் பாஸ்டலில் வரைந்த 1895-ம் ஆண்டு வடிவம், 2012-ல் நியூயார்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்கு விலைபோனது.

ஓவியம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரைந்தவர் அதற்குப் பிறகு 50 ஆண்டுகள் வாழ்ந்தார், நடுவில் மனம் உடைந்து கிளினிக்கில் சேர்ந்தார், வெளியே வந்து 80 வயது வரை வரைந்துகொண்டே இருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பின்பாதியைத்தான்.

நோய் விடாத வீடு

மூங்க் பிறந்தது 1863 டிசம்பர் 12. வளர்ந்தது இன்றைய ஆஸ்லோவில். அப்போது அந்த நகரின் பெயர் கிறிஸ்டியானியா. 5 வயதில் அம்மா காசநோயில் இறந்தார். 1877-ல் அதே நோய் அவருடைய அக்கா சோஃபியையும் கொண்டுபோனது. அப்போது அக்காவுக்கு 15 வயது. அப்பா ராணுவ மருத்துவர், கடுமையான மதநம்பிக்கை கொண்டவர். தங்கை லாரா மனநோயால் மருத்துவமனைகளில் காலம் கழித்தார்.

தனக்கும் இதுதான் நடக்கப்போகிறதோ என்ற பயம் மூங்க்கைக் கடைசிவரை விடவில்லை. அந்தப் பயத்தையே அவர் வரைந்தார். அக்காவின் மரணத்தை வைத்து வரைந்த ‘நோயுற்ற குழந்தை’யை 40 ஆண்டுகளில் ஆறு முறை திரும்பத் திரும்பத் தீட்டினார்.

பென்சிலில் ஒரு வரி

1892-ல் பெர்லினில் அவரது கண்காட்சி பெரிய சர்ச்சையாகி, ஒரே வாரத்தில் இழுத்து மூடப்பட்டது. 1895-ல் கிறிஸ்டியானியாவில் நடந்த விவாதக் கூட்டத்தில் மருத்துவ மாணவர் ஒருவர், மூங்க்கின் மனநிலையே சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் பேசினார்.

1893-ம் ஆண்டு ‘அலறல்’ ஓவியத்தின் மூலையில், இதை ஒரு பைத்தியம்தான் வரைந்திருக்க முடியும் என்ற பொருளில் பென்சிலில் சின்னதாக ஒரு வரி இருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று பல காலம் நினைத்தார்கள். 2021-ல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கதிர் மூலம் ஆராய்ந்து, அது மூங்க்கின் கையெழுத்தேதான் என்று உறுதிசெய்தது. ஊர் பேசியது அவரை எவ்வளவு குத்தியது என்பதற்கு அந்த வரியே சாட்சி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயும் பயமும் இல்லாவிட்டால் தன் கலையும் இருக்காது என்று மூங்க் உண்மையாகவே நம்பினார். அதைத் தன் குறிப்புகளிலும் எழுதிவைத்தார். குணமாகிவிட்டால் ஓவியம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு நிஜம்.

1908: உடைந்த இடம்

40 வயதைத் தாண்டியபோது குடி எல்லை மீறியிருந்தது. ஓயாத பயணம், சண்டைகள், யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்ற எண்ணம். 1908 இலையுதிர் காலத்தில், கோபன்ஹேகனில் இருந்தபோது, இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கின. இதற்கு மேல் முடியாது என்ற நிலையில் டாக்டர் டேனியல் யாகோப்சனின் கிளினிக்கில் சேர்ந்தார்.

சுமார் எட்டு மாதங்கள் அங்கே இருந்தார். பெரிய மந்திரமெல்லாம் இல்லை: ஓய்வு, நல்ல சாப்பாடு, குளியல், மசாஜ், லேசான மின் சிகிச்சை, முக்கியமாகக் குடி இல்லாத நாட்கள்.

அங்கேயும் அவர் கை சும்மா இருக்கவில்லை. ‘ஆல்ஃபாவும் ஒமேகாவும்’ என்ற லித்தோகிராஃப் தொடரை முடித்தார். கேமராவில் தன்னையே படம் எடுத்தார். இடுப்பில் கை வைத்து நிற்கும் டாக்டரை ஆளுயரத்துக்கு வரைந்தார். சிகிச்சையும் வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

கலை காணாமல் போனதா?

1909-ல் நார்வே திரும்பிய மூங்க், நகரத்தின் குடிக் கூட்டங்களைத் தவிர்த்து கிராகெரோ என்ற கடலோர ஊரில் குடியேறினார். திறந்தவெளியிலேயே பெரிய கேன்வாஸ்களை நிறுத்தி வரைந்தார். அங்கே பார்த்த சூரிய உதயம்தான், ஆஸ்லோ பல்கலைக்கழக அரங்கில் 1916-ல் இடம்பெற்ற ‘சூரியன்’ என்ற பிரம்மாண்ட ஓவியமாக மாறியது. பனியில் பாய்ந்துவரும் குதிரை, வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் என்று புதிய விஷயங்கள் வந்தன. வண்ணங்கள் வெளிச்சமாயின.

1916-ல் நகருக்கு வெளியே எகெலி என்ற இடத்தை வாங்கி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். ஓவியங்களை மழையிலும் பனியிலும் வெளியே விட்டுவைப்பது அவர் பழக்கம். தாக்குப்பிடிப்பது நிற்கட்டும் என்ற எண்ணம். 1930-ல் வலது கண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது, அந்தக் கண்ணில் தெரிந்த கலங்கலான உருவங்களையும் வரைந்துவைத்தார்.

முழுசா குணமாகிவிட்டாரா?

இல்லை. தனிமை கூடியது, பதற்றம் முழுவதுமாகப் போகவில்லை. அவருடைய சிறந்த ஓவியங்கள் 1890-களில் வந்தவைதான் என்று சொல்லும் விமர்சகர்களும் உண்டு. அவருக்கு வாய்த்த வசதியையும் மறக்கக் கூடாது. தனியார் கிளினிக், கைவிடாத நண்பர்கள், 1909-ல் ஓவியங்களை மொத்தமாக வாங்கிய பெர்கன் நகரத் தொழிலதிபர் ராஸ்மஸ் மேயர் போன்றவர்கள். மனம் உடைந்த எல்லாக் கலைஞர்களுக்கும் இது கிடைப்பதில்லை. அவருடைய தங்கைக்கே கிடைக்கவில்லை.

ஆனால் கணக்கு தெளிவானது. கிளினிக்கை விட்டு வெளியே வந்த பிறகு மூங்க் வேலை செய்த காலம் கிட்டத்தட்ட 35 ஆண்டுகள். 1944 ஜனவரி 23 அன்று அவர் இறந்தபோது, ஆஸ்லோ நகருக்கு அவர் எழுதிவைத்துப் போனவற்றில் ஓவியங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல்.

பயம் அவருக்கு வரையக் கருவைக் கொடுத்தது உண்மைதான். தினமும் எழுந்து தூரிகையைப் பிடிக்கிற தெம்பைக் கொடுத்தது குடியில்லாத காலைகளும் தூக்கமும் சரியான நேரத்தில் கேட்ட உதவியும்தான். குணமானால் போய்விடும் என்று அவர் பயந்த ஓவியம், கடைசிவரை கூடவே இருந்தது.