மெண்டலீவும் ஏக அலுமினியமும்

நம்மவர்கள் கூடும் கல்யாணங்களிலும் விசேஷங்களிலும் ஒரு செய்தி அடிக்கடி காதில் விழுகிறது. ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் பாணினியின் இலக்கணத்தைப் படித்துத்தான் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையைச் செய்தார் என்பது அது. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு மாலையில் ரஸாயனம் படிக்க வரும் குழந்தைகளும் இது உண்மையா என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வதைவிட, அந்த மனிதரின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

திமித்ரி மெண்டலீவ் 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். இந்தப் பிள்ளை பிறந்த வருஷமே அவருக்குக் கண்பார்வை போயிற்று. தாயார் மரியா மனம் தளரவில்லை. பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்று நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847இல் கணவர் காலமானார். அடுத்த ஆண்டே தொழிற்சாலையும் தீயில் எரிந்து போயிற்று.

ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள், மிச்சமிருந்ததைத் திரட்டிக்கொண்டு, கடைசி மகனைப் படிக்க வைக்கப் புறப்பட்டார். தொபோல்ஸ்கிலிருந்து மாஸ்கோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ரயில் இல்லாத வழி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், 1850இல் தகப்பனார் படித்த அதே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மகனைச் சேர்த்தார். அதே ஆண்டு தாயார் கண்ணை மூடினார். 37 ஆண்டுகள் கழித்து, 1887இல் கரைசல்களைப் பற்றி எழுதிய பெரிய நூலை மெண்டலீவ் தம் தாயாரின் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

படிப்பு முடிந்து, தெற்கே கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்து, பிறகு ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யப் போனார். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய ரஸாயன விஞ்ஞானிகளின் மாநாட்டில் அவரும் இருந்தார். அதுவரை ஒரே தனிமத்துக்கு ஆளுக்கு ஓர் அணு எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியரான கன்னிஸாரோ சரியான எடைகளைக் கணக்கிடும் வழியை அங்கே எடுத்து வைத்தார். மெண்டலீவுக்குப் பின்னால் கைகொடுத்தது அதுதான்.

1867இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாணவர்களுக்கு ரஷ்ய மொழியில் நல்ல பாடப்புத்தகம் இல்லாததால் தாமே எழுத உட்கார்ந்தார். அன்று தெரிந்திருந்த தனிமங்கள் 63. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது? அணு எடையின் வரிசையில் வைத்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட இடைவெளியில் அதே குணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். 1869 மார்ச் 1ஆம் தேதி அட்டவணை உருவாயிற்று. ஒரு வாத்தியார் பாடத்தை ஒழுங்காகச் சொல்ல எடுத்த பிரயாசையில் பிறந்தது அது.

அவருக்கு முன்பும் சிலர் இப்படி அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். மெண்டலீவின் பெருமை, அவர் தைரியமாகக் காலியாக விட்ட கட்டங்களில் இருக்கிறது. குழந்தைகளுக்கு இதை நான் எழுத்துக்களை வைத்துச் சொல்வது வழக்கம். தமிழில் க வரிசையில் க, ங என்று இரண்டு எழுத்துக்கள்தான். மலையாளத்திலும் கிரந்தத்திலும் அதே வரிசையில் ஐந்து. ப வரிசையில் நடுவே உள்ள மூன்றைக் கேட்டறியாத ஒருவனும், க வரிசையின் ஐந்தையும் தெரிந்துகொண்டால், ப வரிசையின் மூன்றாவது ஒலி உதட்டில் எப்படிப் பிறக்கும் என்று ஊகித்துவிடலாம். வரிசை இடத்தைச் சொல்கிறது. பத்தி ஒலியின் தன்மையைச் சொல்கிறது. மெண்டலீவ் செய்ததும் அதுதான்.

1871இல் மூன்று காலியிடங்களுக்கு உரிய தனிமங்களின் குணங்களை விவரமாக எழுதினார். இன்னும் பிறக்காத குழந்தைக்குப் பெயரும் வைத்தார். அலுமினியத்துக்கு அடுத்த இடம் ஏக அலுமினியம். போரானுக்கு அடுத்தது ஏக போரான். சிலிக்கனுக்கு அடுத்தது ஏக சிலிக்கன். ஏகாதசி என்கிறோமே, அதே ஏகம்தான். வேறு இடங்களுக்கு த்வி, த்ரி என்ற சொற்களையும் எடுத்துக்கொண்டார்.

1875இல் பிரான்ஸில் புவாபோத்ரான் காலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதுவே ஏக அலுமினியம். ஆனால் அவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் சொல்லியிருந்ததோ 5.9. உலோகத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், மாதிரி சுத்தமாக இல்லை, மறுபடி அளக்க வேண்டும் என்று தெரிவித்தார். சுத்தம் செய்து அளந்தால் 5.9! 1879இல் ஸ்காண்டியம் வந்தது. ஏக போரானின் கட்டம் நிறைந்தது. 1886இல் வந்த ஜெர்மானியம் ஏக சிலிக்கன் ஆயிற்று. அவர் சொன்ன அணு எடை 72. இன்றைய கணக்கு 72.6.

மனிதர் சுபாவத்தில் பிடிவாதக்காரர். 1890இல் மாணவர்களின் மனுவைக் கல்வி மந்திரியிடம் கொண்டுபோனார். அது திருப்பி அனுப்பப்பட்டதும் பேராசிரியர் பதவியையே விட்டுவிட்டார். அந்தப் பிடிவாதமே சில இடங்களில் அவரைத் தவறவும் வைத்தது. ஆர்கான் ஒரு புதுத் தனிமம் என்று ஏற்க முதலில் மறுத்தார். அணுவுக்குள்ளே எலக்ட்ரான் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1906இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு பிரான்ஸின் முவாஸானுக்குப் போயிற்று. 1907 பிப்ரவரி 2ஆம் தேதி மெண்டலீவ் காலமானார். 1955இல் உருவாக்கப்பட்ட 101ஆவது தனிமத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

குணங்கள் ஏன் திரும்பி வருகின்றன என்பதற்கு விடை அவர் ஏற்க மறுத்த அந்த அணுவின் உள்ளேதான் இருந்தது. சோடியத்தில் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமைகின்றன. பொட்டாசியத்தில் 2, 8, 8, 1. கடைசிச் சுற்றில் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் குணமும் ஒன்றுபோல. 1913இல் இங்கிலாந்தின் மோஸ்லி என்ற இளைஞர், வரிசையை நிர்ணயிப்பது எடை அல்ல, அணு எண் என்று எக்ஸ் கதிர்களால் காட்டினார். எடை அதிகமான டெல்லூரியத்தை மெண்டலீவ் குணத்தைப் பார்த்து அயோடினுக்கு முன்னால் வைத்திருந்தார். அணு எண் 52, 53 என்று வந்து அதுவும் சரியாயிற்று. மோஸ்லி 1915இல் கலிப்பொலி யுத்தத்தில் 27 வயதில் மாண்டார்.

மெண்டலீவை மிகவும் சிரமப்படுத்தியவை சீரியம் முதலான அருமண் தனிமங்கள். அவற்றுக்கு அட்டவணையில் சரியான இடம் கொடுக்க அவரால் முடியவில்லை. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகளில், 1909இல், ஜெர்மானியரான ஷோம்பர்க் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணலைக் கண்டுபிடித்தார். சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் நிறைந்த மணல் அது. கூடவே தோரியமும் உண்டு. நம் கல்யாண ஊர்வலங்களில் வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் எரிந்தது தோரியத்தால்தான். 57 முதல் 71 வரை 15 தனிமங்களுக்கு இடம் உண்டு என்பது அணு எண் வந்த பிறகே திட்டமாயிற்று.

இனி பாணினிக்கு வருவோம். அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினராக இருந்த போட்லிங்க் பாணினியைப் பதிப்பித்தவர். பெரிய ஸம்ஸ்கிருத அகராதியையும் செய்தவர். அந்த நகரத்தில் ஸம்ஸ்கிருதம் மதிப்போடு படிக்கப்பட்டது. அதனால் ஏக என்ற சொல் ஒரு ரஸாயனப் பேராசிரியரின் கைக்கு எட்டியதில் ஆச்சரியம் இல்லை. பாணினியின் ஒழுங்கு அவரைக் கவர்ந்திருக்கலாம் என்று ஊகிக்கும் பண்டிதர்களும் உண்டு. ஆனால் அட்டவணை பிறந்தது அணு எடைகளிலிருந்தும் தனிமங்களின் குணங்களிலிருந்தும், வருஷக்கணக்கான உழைப்பிலிருந்தும். சொல் நம்முடையது, கண்டுபிடிப்பு அவருடையது. குழந்தைகளிடம் நான் இப்படித்தான் சொல்கிறேன்.

காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விச்சாலை இருந்த இடம் வலியசாலைதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பிறர் உழைப்பில் விளைந்ததை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு வைத்தார் மெண்டலீவ். அதை நிரப்புகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கட்டும். அதற்கு அவர்களைப் படிக்க வைப்போம், மரியா அம்மாள் செய்ததைப் போல.