வால்டெமர் யுங்னர்

எர்ன்ஸ்ட் வால்டெமர் யுங்னர் (ஜூன் 19, 1869 – ஆகஸ்ட் 30, 1924) சுவீடன் நாட்டுப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். நிக்கல்-காட்மியம் மின்கலத்தை 1899ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இவரே. வாக்கி-டாக்கி எனப்படும் கையடக்க இருவழி வானொலிகளில், லித்தியம்-அயனி மின்கலங்கள் பரவும் வரை, பல பத்தாண்டுகள் இவ்வகை மின்கலமே பெரிதும் பயன்பட்டது.

வாழ்க்கை

யுங்னர் பாதிரியார் ஒருவரின் மகன். உப்சாலா, லுண்ட் பல்கலைக்கழகங்களில் பயின்றார். தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றை உருவாக்க முயன்றபோது அதற்கு நம்பகமான மின்மூலம் தேவைப்பட்டது. அதுவே இவரை மின்கல ஆய்வுக்கு இட்டுச் சென்றது. அப்போது வழக்கிலிருந்த மறுமின்னேற்ற மின்கலம் 1859இல் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலமாகும். அது கனமானது, மின்னிறக்கத்தின்போது அதிலுள்ள அமிலமும் செலவாகும். எனவே யுங்னர் காரக் கரைசலை நாடினார். இவரது மின்கலத்தில் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசல் மின்னோட்டத்திற்கு வழிவிடுகிறதே தவிர, தான் செலவாவதில்லை.

எதிர்மின்வாய்க்கு இரும்பு, காட்மியம் இரண்டையும் இவர் சோதித்தார். இரும்பு மலிவானது. ஆனால் மின்னேற்றும்போது ஐதரசன் வளிமம் மிகுதியாக வெளியேறி ஆற்றல் வீணாயிற்று. ஆகவே காட்மியத்தையே சிறந்ததாகக் கருதினார். அதே காலத்தில் அமெரிக்காவில் தாமஸ் எடிசனும் காரக் கரைசல் மின்கலங்களில் ஈடுபட்டு, இரும்பைத் தேர்ந்தெடுத்துக் காப்புரிமம் பெற்றார். இருவருக்கும் இடையே நீண்ட காப்புரிமப் பூசல் நிகழ்ந்தது. எடிசனின் பணபலத்திற்கு யுங்னரால் ஈடுகொடுக்க இயலவில்லை. எடிசனை அறிந்த மாணவர்களில் யுங்னரின் பெயரைக் கேள்விப்பட்டோர் சிலரே.

1900இல் இவர் தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலை 1905இல் தீக்கிரையானது. 1910இல் நிறுவனம் மாற்றியமைக்கப்பட்டு, ஆஸ்கார்ஷாம் நகரில் உற்பத்தி தொடர்ந்தது. 1922இல் சுவீடனின் அரச பொறியியல் கழகம் இவரை உறுப்பினராக்கியது. ஈராண்டுகளில், 55ஆம் அகவையில், நுரையீரல் அழற்சியால் காலமானார்.

வானொலிகளில் பயன்பாடும் பராமரிப்பும்

1940களின் இறுதியில் கசிவில்லாத மூடிய நிக்கல்-காட்மியம் கலம் உருவானபின், அதைக் கையடக்கக் கருவிகளில் பொருத்த முடிந்தது. ஒரு கலம் 1.2 வோல்ட்டு தரும். ஆறு கலங்கள் கொண்ட தொகுதி 7.2 வோல்ட்டு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் மின்னேற்றுவது பாதுகாப்பான முறையாகும். அதாவது 1200 மில்லியாம்பியர்-மணி தொகுதிக்கு 120 மில்லியாம்பியர் போதும். மின்னேற்றும்போது வானொலியை அணைத்து வைக்க வேண்டும்.

முற்றிலும் தீரும்வரை பயன்படுத்துவது நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. சிறிதளவே பயன்படுத்தித் திரும்பத் திரும்ப மின்னேற்றினால் மின்னழுத்தம் சற்றுத் தாழக்கூடும். எனினும் கலம் ஒன்றுக்கு 1 வோல்ட்டிற்குக் கீழே இறக்கினால், வலுக்குறைந்த கலத்தின் முனைகள் தலைகீழாகி அது பழுதடையும். மேலும், இக்கலம் சும்மா இருக்கும்போதே மின்னேற்றத்தை இழக்கும். தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலை போன்ற காட்டுப்பகுதிக்கு வானொலியுடன் செல்பவர், சென்ற மாதம் மின்னேற்றிய தொகுதியை நம்பாமல் முந்தைய இரவே மின்னேற்றிக்கொள்வது நன்று. லித்தியம்-அயனி தொகுதியை நிக்கல்-காட்மியத்திற்குரிய மின்னேற்றியில் பொருத்தலாகாது, தீப்பற்றக்கூடும்.

காட்மியம் நச்சு உலோகமாகும். பழைய தொகுதிகளைக் குப்பையில் எறியாமல் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன.