புரசைவாக்கத்து வில்லியம் ராபர்ட்ஸ்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே நாமெல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தோம். ஆனா இயேசு தேவன்தானா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், நம்மிலே எத்தனை பேர் வேதத்தைத் திறந்து காட்டுவோம்?

நம்ம ராயபுரத்துக்குக் கொஞ்ச தூரத்திலே, புரசைவாக்கத்தில், இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்ன ஒரு தமிழர் ஊழியம் செய்தார். பிறந்த பேர் திருவேங்கடம், வேளாளர். வெள்ளைக்காரரிடம் வேலைக்காரராய் இருந்து, கடல் கடந்து இங்கிலாந்து போய், வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். அங்கே தியோபிலஸ் லிண்ட்சே எழுதின புத்தகங்கள் அவர் கைக்கு வந்தது. லிண்ட்சே ஆங்கிலிக்கன் போதகர். திரித்துவத்தை அறிக்கையிட மனசாட்சி இடங்கொடாமல் 1773-ல் வேலையை விட்டவர். பிதா ஒருவரே தேவன், இயேசு அவர் அனுப்பின மனுஷன் என்பது அவர் போதனை.

ராபர்ட்ஸ் சென்னை திரும்பி 1795-ல் சபை ஆரம்பித்தார். 1813-ல் புரசைவாக்கத்தில் ஆலயம் எழும்பிற்று. அதே வருஷந்தான் இங்கிலாந்திலே, திரித்துவத்தை மறுத்தவர்களைத் தண்டிக்கிற சட்டமும் நீங்கிற்று.

அவர் உபதேசம் எனக்குச் சம்மதமில்லை. சிலுவையில் தொங்கினவர் வெறும் மனுஷன் என்றால் என் பாவத்தைச் சுமந்தது யார்? உயிர்த்தெழுந்தவரைத் தோமா தேவனென்று அழைத்ததை அவர் எப்படித்தான் வாசித்தாரோ! ஆனா மிஷனரிமார் எல்லாரும் ஒருபக்கம் நிற்க, தனக்குச் சரியென்று பட்டதிலே நாற்பது வருஷத்துக்குமேல் நின்றார், பாருங்கள். 1838-ல் மரித்தார். சபையை மகன் நடத்தினார்.