யஸ்னயா பொலியானாவின் உபாத்தியாயர்

உலக இலக்கியத்தில் நாட்டமுடையோருள் லியோ டால்ஸ்டாயின் பெயரை அறியாதார் இலர். ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ ஆகிய பெருநாவல்களை ஆக்கியவராகவும், தீமையை வன்முறையால் எதிர்த்தல் ஆகாது எனப் போதித்த அறிஞராகவும், காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்ட பெரியாராகவும் நாம் அவரை அறிவோம். ஆயின், அவர் சில ஆண்டுகள் இலக்கியப் பணியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு கிராமத்து உபாத்தியாயராக வாழ்ந்தார் என்பது பலர் கருத்திற் கொள்ளாத செய்தி.

மாணாக்கரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஒரு வகுப்பின் நாற்பது கொப்பிகளிலும் ஒரே பசு, ஒரே நான்கு கால்களுடன் நிற்பதைக் கண்டு சலித்திருக்கிறேன். வெளியிலே வாய் ஓயாது பேசும் பிள்ளை, பேனாவைக் கையில் எடுத்ததும் ஏன் ஊமையாகி விடுகின்றது? இவ்வினாவை மனத்திற் கொண்டு டால்ஸ்டாயின் வரலாற்றைப் படித்தவர்க்கு, நாவல்களினும் அவருடைய பள்ளிக்கூடமே பெரிதாகத் தோன்றும். எனக்கு அவ்வாறே தோன்றிற்று.

ருஷ்ய நாட்டின் துலா மாகாணத்திலே, யஸ்னயா பொலியானா என்னும் கிராமத்தில், 1828ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். குடும்பம் பிரபுக் குடும்பம். இரண்டு வயது நிறையுமுன் தாயையும், ஒன்பது வயது நிறையுமுன் தந்தையையும் இழந்தார். கசான் பல்கலைக்கழகத்திற் கீழைத்தேய மொழிகளையும், பின்னர்ச் சட்டத்தையும் பயின்றவர், பட்டம் எதனையும் பெறாமலே 1847இல் ஊர் திரும்பினார். 1849இல் தம் பண்ணைச் சிறுவர்க்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 1851இற் காக்கேசிய மலைநாடு சென்று படையிற் சேர்ந்தார். கிரிமியப் போரிலே செவஸ்தபோல் முற்றுகையை நேரிற் கண்டு அவர் எழுதிய சித்திரங்கள், இருபத்தேழு வயதிலேயே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிக் கொடுத்தன.

அப்புகழின் நடுவே ஒரு கேள்வி அவரை வாட்டியது. தாம் எழுதுவதைப் படிக்கத் தெரிந்தவர் எத்துணைப் பேர்? ருஷ்யக் குடியானவர் அக்காலத்தில் நிலத்தோடு விற்கப்படும் அடிமைகள். அவருட் பெரும்பாலார்க்கு எழுத்து வாசனையே இல்லை. ஊருக்கு ஊர் இருந்த எழுத்தறிவும், தேவாலயப் பணியாளரிடமோ ஓய்வுபெற்ற படைவீரரிடமோ அடியும் உதையும் பட்டு மனனஞ் செய்த அளவினதே. 1859ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே டால்ஸ்டாய் மீண்டும் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். கட்டணம் இல்லை. பிரபு ஒருவர் இலவசமாகக் கல்வி கொடுக்கிறார் என்றால் அதிலே ஏதோ சூது இருக்கும் என்று பெற்றோர் முதலில் அஞ்சினர். அச்சம் நாளடைவில் நீங்கியது.

1860இல் அவர் ஐரோப்பாவுக்குப் பயணமானார். அப்பயணத்திலேதான் அன்புத் தமையன் நிக்கலாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரத்தின் இடையிலும் யேர்மனி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளிற் பாடசாலைகளைப் பார்வையிட்டார். பல இடங்களிலே அவர் கண்டவை, அச்சத்தால் வாய்பாடு போல விடை ஒப்புவிக்கும் பிள்ளைகளே. மார்செய் நகரிலோ வேறொன்றைக் கண்டார். வகுப்பில் மந்தமாகத் தோன்றிய அந்நகர மக்கள், தெருவிலும் தேநீர்ச்சாலையிலும் மலிவுப் பதிப்பு நாவல்களிலுமிருந்து ஏராளமாகக் கற்றிருந்தார்கள். வாழ்க்கை கற்பிப்பதைப் பள்ளிக்கூடம் ஏன் கற்பிக்கவில்லை என்ற வினாவோடு 1861இல் அவர் ஊர் திரும்பினார். அவ்வாண்டிலேயே பண்ணையடிமை முறையும் சட்டத்தால் ஒழிந்தது.

யஸ்னயா பொலியானாவின் பள்ளி, இரண்டு மாடிகளைக் கொண்ட கற்கட்டிடத்தில் நடந்தது. மாணாக்கர் ஏறக்குறைய நாற்பதின்மர். காலையில் மணி ஒலிக்கும். பனிமூட்டத்தினூடே பிள்ளைகள் வருவார்கள். கையிலே புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, வீட்டுப்பாடம் என்ற பேச்சே இல்லை. அவரவர் விரும்பிய இடத்தில், வாங்கிலோ யன்னற்படியிலோ நிலத்திலோ அமர்ந்து கொள்வர். பாடம் சுவைத்தால் மணி அடித்த பின்னும் இருப்பர். சுவைக்காவிடில் எழுந்து வீடு செல்லவும் தடையில்லை. அடி இல்லை. சூழவுள்ள ஊர்களிலும் இத்தகைய சிறு பள்ளிகள் எழுந்தன. தம் அனுபவத்தை உலகுக்கு உரைக்க, ‘யஸ்னயா பொலியானா’ என்ற பெயரிலேயே 1862இல் ஒரு சஞ்சிகையையும் டால்ஸ்டாய் தொடங்கினார்.

இவ்வளவு சுதந்திரம் இருந்தும் எழுத்துப் பாடம் மாத்திரம் இடறியது. எளியதிலிருந்து தொடங்குதல் முறையெனக் கருதி, உரொட்டி, குடிசை, மரம் என்பன போன்ற பொருள்களை விவரித்து எழுதுமாறு ஆசிரியர்கள் பணித்தனர். பிள்ளைகள் கண்ணீர் விடும் நிலைக்கு வந்தார்கள். நிகழ்ந்த ஒன்றை எழுதும்படி கூறியபோதோ மகிழ்ச்சியோடு எழுதினார்கள். இதிலிருந்து ஓர் உண்மை புலனாயிற்று. ஆசிரியருக்கு எளிதாகத் தோன்றுவது பிள்ளைக்கு எளிதன்று. எல்லாரும் அறிந்த மரத்தைப் பற்றி, எல்லாரும் அறிந்த ஆசிரியருக்கே சொல்ல வேண்டுமாயின், பிள்ளை எதைச் சொல்லும்? ஏன் சொல்லும்? நமது பசுவின் இரகசியமும் இதுவே என எண்ணுகிறேன்.

அப்பொழுது அவர் கையில் ருஷ்யப் பழமொழித் தொகுப்பு ஒன்று இருந்தது. கரண்டியால் உணவூட்டிவிட்டு அதன் காம்பினாலேயே கண்ணைக் குத்துபவனைப் பற்றிய பழமொழி ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. உதவி செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுதல் என்று நாம் கூறும் குணந்தான் அது. வறியவன் ஒருவனை வீட்டில் ஏற்று, பின்னர் அவனைக் குத்திக்காட்டும் குடியானவன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதலாமே என்றார். அது தம்மால் இயலாது என்று பிள்ளைகள் ஒதுங்கினர். அவர் வற்புறுத்தவில்லை. தாமே மேசையில் அமர்ந்து எழுதத் தொடங்கினார்.

அங்கேதான் எல்லாம் மாறிற்று. நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் எழுதுவதும் அடிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக இருப்பதைக் கண்ட சிறுவர்கள் ஒவ்வொருவராக வந்து அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தனர். எழுதிய பக்கத்தை அவர் படித்துக் காட்டினார். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிழவன் இப்படிப் பேசமாட்டான், அவ்வீட்டுப் பெண் இப்படி நடக்கமாட்டாள் என்று தடை கூறினர். அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நேரஞ் செல்ல ஏனையோர் கலைந்தனர். பன்னிரண்டு வயதளவிலான சியோம்காவும், பத்து வயதளவிலான ஃபேத்காவும் எஞ்சினர். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பதினொரு மணி வரை நீண்டது. பசியும் களைப்பும் அவர்களுக்குத் தோன்றவில்லை. எழுதுவதை அவர் சற்று நிறுத்தினாலும் சினந்தார்கள்.

சியோம்கா வெளித்தோற்றங்களை நுணுக்கமாகக் கண்டான். கிழவனின் உடையையும் காலணியையும் வரிசையாகக் கூறினான். ஃபேத்காவோ எதைச் சொல்லுவது, எதை விடுவது என்பதை அறிந்திருந்தான். கதையில் வரும் அயலவன் ஒருவன் பெண்கள் அணியும் குளிர்கால மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தான் என்று அவன் கூறியபோது டால்ஸ்டாய் திகைத்தார். ஏன் பெண்ணின் மேலங்கி? யாரும் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லிலே ஒரு குடும்பம் முழுவதும் தெரிகிறது. குளிர்கால இரவு, அவசரம், கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிக்கொண்டு வரும் மெலிந்த மனிதன், தனக்கென ஓர் உடை, மனைவிக்கென ஓர் உடை என்று பிரித்து நினைக்காத ஏழைவீடு. அன்றிரவு டால்ஸ்டாயின் உள்ளத்தில் மகிழ்ச்சியும் ஒருவகை அச்சமும் ஒருங்கே எழுந்தன. காணத்தகாத ஓர் அருமையைக் கண்டுவிட்டவர் போல் அவர் இருந்தார்.

அக்கதைக்கு ஒரு விபத்தும் நேர்ந்தது. அவர் வெளியூர் சென்றிருந்தபோது எழுதிய தாள்கள் பிள்ளைகளின் காகித விளையாட்டில் அழிந்து போயின. அவருடைய வருத்தத்தைக் கண்ட ஃபேத்காவும் சியோம்காவும், அதைத் தாமே மீண்டும் எழுதித் தருவதாகக் கூறி அவர் வீட்டுக்கு வந்தனர். அறைக்கதவை மூடிக்கொண்டு, ஒருவன் சொல்ல மற்றவன் எழுத, நள்ளிரவு கடந்தும் வேலை செய்தனர். தண்டனைக்கு அஞ்சி எழுதிய எழுத்தன்று அது. தமது பொருள் கெட்டுப்போயிற்றே என்ற கவலையால் எழுதிய எழுத்து. கொப்பியைத் தொலைத்துவிட்டு அதைத் தானே விரும்பி மீண்டும் எழுதும் மாணாக்கன் எப்பள்ளியில் இருக்கின்றானோ, அப்பள்ளியில் எழுத்துக் கல்வி வேரூன்றி விட்டது என்பேன். கதை சஞ்சிகையின் வெளியீடாக அச்சேறியது. பின்னர், போர்வீரன் ஒருவனின் மனைவி படும் வாழ்வைப் பற்றி ஃபேத்கா வேறொரு கதையும் சொன்னான்.

இவ்வனுபவத்தை வைத்து, குடியானவப் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரையை 1862இல் டால்ஸ்டாய் வெளியிட்டார். ஆசிரியர்க்கென அவர் அதில் வகுத்த நெறிகள் நான்கு. விடயங்களைப் பலவாகக் கொடுத்துத் தெரிவுக்கு இடமளித்தல். அவ்விடயங்கள் ஆசிரியருக்கே சுவை தருவனவாயிருத்தல் வேண்டும். பிள்ளைகள் எழுதியவற்றையே பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகப் படிக்கக் கொடுத்தல். கட்டுரையைப் பார்வையிடும் வேளையில் கையெழுத்து, எழுத்துப்பிழை, கொப்பியின் தூய்மை முதலியவற்றைப் பற்றி வாய் திறவாதிருத்தல். நான்காவது, எழுதுதலின் சுமையைப் படிப்படியாகக் கைமாற்றுதல். எண்ணங்களுள் ஒன்றைத் தேர்தல், அதற்குச் சொல் காணல், முன்னர்ச் சொன்னதை நினைவிற்கொள்ளல், கையால் எழுதுதல் என்னும் இத்தனை வேலைகளும் ஒரே கணத்தில் பிள்ளையின் தலையில் விழுகின்றன. ஆசிரியர் முதலில் இவற்றிற் பலவற்றைத் தாம் ஏற்றுக்கொண்டு, பின்னர் ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் விடுதல் வேண்டும்.

அவர் கூறிய யாவற்றையும் நான் ஏற்பவன் அல்லேன். அச்சிறுவரின் கதைக்கு நிகராக ருஷ்ய இலக்கியத்தில் எதுவுமில்லை என்னும் அளவுக்கு அவர் சென்றது, உணர்ச்சி மிகுதியால் விளைந்த கூற்று. குழந்தை பிறப்பிலேயே நிறைவுடையது, கல்வி அதைக் கெடுக்கிறது என்ற கொள்கையும் உரூசோவின் வழிவந்த மிகை. எழுத்துப்பிழையை என்றுமே திருத்தாத ஆசிரியன் பிள்ளைக்குத் துரோகஞ் செய்பவனாவான். ஆனால் டால்ஸ்டாய் திருத்த வேண்டாம் என்று கூறினாரல்லர். பிள்ளை தன் உள்ளத்தைத் திறந்து காட்டும் அந்த வேளையில் வேண்டாம் என்றார். இலக்கணத்துக்கு வேறு வேளை உண்டு. தந்தை இறந்த நாளைப் பற்றிப் பிள்ளை எழுதிய பக்கத்தில், நாம் முதலிற் காண்பது ஒற்றுப்பிழையாயின், அப்பிள்ளை அடுத்த முறை பசுவையே எழுதும். அதன் பின் அதன் உண்மையான குரலை நாம் ஒருநாளும் கேட்கமாட்டோம்.

யஸ்னயா பொலியானாப் பள்ளி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1862 யூலையில், உடல்நலங் கருதி டால்ஸ்டாய் சமாராப் புல்வெளிக்குச் சென்றிருந்தபோது, பொலிசார் அவருடைய வீட்டைச் சோதனையிட்டனர். இரகசிய அச்சுக்கூடத்தைத் தேடி நிலவறைகளையும் குளத்தையும் துழாவினர். எதுவும் அகப்படவில்லை, அவருடைய உள்ளம் மட்டும் புண்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் அவருக்குத் திருமணமாயிற்று. சஞ்சிகை பன்னிரண்டு இதழ்களோடு நின்றது, பள்ளியும் கலைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் எழுந்ததே ‘போரும் அமைதியும்’. மிகச் சிறிய ஒரு விவரத்தால் ஒரு மனிதனை முழுமையாகக் காட்டும் அந்நாவலின் ஆற்றலைக் காணும்போதெல்லாம், பெண்ணின் மேலங்கியை நினைத்துக்கொள்கிறேன். பின்னரும் அவர் பிள்ளைகளை மறந்தாரல்லர். 1872இல் அரிச்சுவடியும் வாசிப்புக் கதைகளும் அடங்கிய நூலை வெளியிட்டார். 1875இல் அதைத் திருத்தியமைத்தார். தலைமுறை தலைமுறையாக ருஷ்யச் சிறுவர் அதிற் படித்தனர்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர் பெயரோடு தொடர்புண்டு. தென்னாபிரிக்காவிலே யொகனஸ்பேர்க் நகருக்கு அண்மையில் 1910இல் காந்தியடிகள் அமைத்த குடியேற்றத்துக்கு டால்ஸ்டாய் பண்ணை என்றே பெயர். சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகள் அங்கே கற்றனர். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். தாம் கற்றிருந்த சிறிதளவு தமிழைக்கொண்டு காந்தியடிகளே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார்.

அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள், வீட்டைத் துறந்து புறப்பட்ட வழியிலே, அஸ்தாப்பொவோ என்னும் சிறிய புகையிரத நிலையத்தில் டால்ஸ்டாய் காலமானார். யஸ்னயா பொலியானாக் காட்டினுள், பெயர் பொறித்த கல் எதுவும் இல்லாத மண்மேட்டின் கீழ் அவருடல் கிடக்கின்றது. அந்த இடத்தை அவரே குறித்திருந்தார். மனிதர் யாவரும் துன்பமின்றி வாழும் இரகசியம் எழுதப்பட்ட ஒரு பச்சைக்குச்சி அங்கே புதைந்திருப்பதாகச் சிறுவயதில் நிக்கலாய் அண்ணன் கதை சொல்லியிருந்தார். பிள்ளைப் பருவத்துக் கதையொன்றை எண்பத்திரண்டு வயது வரை மதித்துப் போற்றியவர், ஃபேத்காவின் கதையை மதித்ததில் வியப்பில்லை. நாளை நம் மேசைக்கு வரும் கொப்பிகளுள் ஏதேனும் ஒன்றில் ஓர் ஃபேத்கா இருக்கக்கூடும். சிவப்பு மையைத் திறக்குமுன் அக்கொப்பியை ஒருமுறை வாசகராக இருந்து படிப்போமாக.