அரண்மனையில் பிறந்து அமானிதத்தைச் சுமந்தவர்: துங்கு அப்துல் ரஹ்மான்

கோலாலம்பூர் சென்று வந்தவர்கள் அங்குள்ள மஸ்ஜித் நெகாராவைப் பார்த்திருப்பார்கள். 1965 ஆகஸ்டில் அந்தப் பள்ளி திறக்கப்படுவதற்கு முன், அதற்கு அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரையே வைக்கலாம் என்ற ஆலோசனை எழுந்தது. அவர் ஏற்கவில்லை. இரத்தம் சிந்தாமல் கிடைத்த சுதந்திரத்துக்கு அல்லாஹ்வுக்குச் செலுத்தும் நன்றியாக அது தேசத்தின் பள்ளியாகவே இருக்கட்டும் என்றார். ஒரு சுல்தானின் மகன் அவர். கட்டடங்களிலும் சாலைகளிலும் தம் பெயரைப் பார்த்து மகிழும் ஆட்சியாளர்கள் நிறைந்த இக்காலத்தில், அவருடைய அரசியல் வாழ்வை நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

1903 பிப்ரவரி 8 அன்று கெடா மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் சுல்தான் அப்துல் ஹமீத் ஹலீம் ஷாவின் மகனாகப் பிறந்தார். தாயார் சே மஞ்சலாரா சயாமிய வம்சத்தவர். பணியாள் ஒருவர் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டு செல்லும் அளவுக்குச் செல்லமாக வளர்ந்த பிள்ளை. பாங்காக்கிலும் பினாங்கிலும் படித்து, கெடா அரசின் உதவித்தொகையில் 1920ல் இங்கிலாந்து சென்றார். 1925ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். சட்டப் படிப்பு மட்டும் எளிதில் கைகூடவில்லை. உலகப் போருக்குப் பிறகு மீண்டும் லண்டன் போய் 1949ல்தான் பாரிஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 46. இளமையில் விட்டதை நடுவயதில் எடுத்து முடித்த அந்தப் பொறுமை பிறகு அரசியலிலும் அவருக்குக் கைகொடுத்தது.

இடைப்பட்ட காலத்தில் கெடாவில் மாவட்ட அதிகாரியாக இருந்தார். மலேரியா வாட்டிய பகுதிகளில் நோயை ஒழிக்கப் பாடுபட்டார். விவசாயிகளின் வீடுகளுக்கே சென்று குறை கேட்டார். ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்த நேரத்தில், சயாம் மரண ரயில்பாதையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அலோர் ஸ்டாரில் புகலிடம் கிடைக்க உதவினார். அந்த ரயில்பாதையில் மடிந்தவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள்.

1951ல் மலாய்க்காரர்களின் அம்னோ கட்சி பெரும் நெருக்கடியில் இருந்தது. எல்லா இனத்தவருக்கும் கட்சியைத் திறந்துவிட வேண்டும் என்று அதன் நிறுவனர் ஓன் ஜாஃபர் கேட்டார். கட்சி மறுத்தது, அவர் விலகினார். அவர் இடத்துக்கு ஆகஸ்ட் 26 அன்று துங்கு தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசுப் பணியைத் துறந்தார். கட்சிக் கருவூலம் காலியாகக் கிடந்ததால் தம் சொந்த உடைமைகளை விற்றுச் செலவுகளைச் சமாளித்தார்.

ஓன் ஜாஃபர் விரும்பிய இன ஒற்றுமைக்குத் துங்கு வேறொரு வழி கண்டார். ஒவ்வொரு சமுதாயமும் தன் கட்சியை வைத்துக்கொள்ளட்டும், தேர்தலிலும் ஆட்சியிலும் கைகோப்போம் என்பதே அந்த வழி. 1952ல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் சேர்ந்து 12 இடங்களில் 9ஐ வென்றன. பிறகு மலாயா இந்தியர் காங்கிரசும் இணைந்தது. 1955 பொதுத்தேர்தலில் இந்தக் கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. துங்கு முதலமைச்சரானார். தமிழரான வீ.தி. சம்பந்தன் அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றார்.

சுதந்திரப் பேச்சுவார்த்தைக்கு முன் துங்கு தாண்ட வேண்டியிருந்த தடை அரண்மனைகளில்தான் இருந்தது. வெள்ளையர் போனால் தங்கள் நிலை என்னாகுமோ என்று மலாய் சுல்தான்கள் அஞ்சினர். 1956 ஜனவரியில் கூட்டணித் தலைவர்களும் சுல்தான்களின் பிரதிநிதிகளும் ஒரே கப்பலில் கராச்சி வரை பயணம் செய்தனர். அந்தப் பயணத்திலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்து, லண்டனில் ஒரே குரலில் நின்றனர். பிரிட்டிஷார் பிரித்துப் பார்க்க இடமே இல்லாமல் போயிற்று. அரண்மனையின் அச்சத்தை அரண்மனைப் பிள்ளையே அறிந்திருந்ததால் இது சாத்தியமாயிற்று. பிப்ரவரி 8ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது அவருடைய 53வது பிறந்தநாள்.

1957 ஆகஸ்ட் 31 அன்று மெர்டேக்கா அரங்கில் ஏழு முறை சுதந்திர முழக்கம் எழுப்பினார் துங்கு. அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் ஒரு கொடுக்கல் வாங்கல். இஸ்லாம் நாட்டின் மதமாகவும், மலாய்க்காரர்களின் தனி நிலை பாதுகாக்கப்பட்டதாகவும் ஆனது. பிற மதத்தவருக்கு வழிபாட்டு உரிமை உறுதியானது. சுதந்திர நாளுக்குப் பின் அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்கு, எந்த இனமானாலும், குடியுரிமை கிடைத்தது. ரப்பர் தோட்டத்துக் கூலியின் குழந்தை பிறப்பாலேயே குடிமகனாகும் வழி அப்போதுதான் திறந்தது. அதிகம் கொடுத்துவிட்டார் என்று மலாய்க்காரர்களில் ஒரு சாரார் குறை சொன்னார்கள். போதாது என்று மற்றவர்களில் ஒரு சாரார் குறை சொன்னார்கள். இரண்டு ஏச்சையும் அவர் சுமந்தார்.

1960ல் பெர்கிம் என்ற இஸ்லாமிய நல்வாழ்வு அமைப்பைத் தொடங்கினார். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கு ஆதரவு தருவதே அதன் முக்கியப் பணி. அதன் தொடக்கத்தில் அவருடன் நின்றவர்களில் தமிழ் முஸ்லிம் பிரமுகர் எஸ்.ஓ.கே. உபைதுல்லாஹ்வும் ஒருவர். 1961ல் சர்வதேச குர்ஆன் ஓதும் போட்டி தொடங்கியதும் துங்குவின் காலத்தில்தான்.

1963ல் சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவற்றை இணைத்து மலேசியாவை உருவாக்கினார். இரண்டே ஆண்டுகளில் சிங்கப்பூரைப் பிரித்துவிடும் கசப்பான முடிவையும் அவரே எடுத்தார். அதைவிடப் பெரிய சோதனை 1969 மே 13. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அரசுக் கணக்குப்படியே 196 உயிர்கள் போயின. வாழ்நாள் முழுவதும் இன இணக்கத்தைக் கட்டியவரின் கண் முன்னே தலைநகர் எரிந்தது. தலைவர்கள் மட்டத்தில் இருந்த நட்பு தெருவரை இறங்கவில்லை என்பதையும், மலாய்க் கிராமங்களின் வறுமையைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதையும் அந்தக் கலவரம் காட்டிவிட்டது. சொந்தக் கட்சியிலிருந்தே கண்டனம் எழுந்தது. அதிகாரம் படிப்படியாகத் துணைப் பிரதமர் அப்துல் ரசாக்கின் கைக்குப் போனது.

1970 செப்டம்பரில் துங்குவின் அண்ணன் மகனான கெடா சுல்தான் அப்துல் ஹலீம் நாட்டின் மாமன்னரானார். அண்ணன் மகனின் கீழ் சித்தப்பா பிரதமராக இருப்பது முறையல்ல என்று கருதிய துங்கு உடனே பதவி விலகினார். சூழலின் நெருக்கடியும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் படையைக் கூட்டவில்லை, கட்சியை உடைக்கவில்லை. எழுந்து இடம்விட்டார்.

அவரை வேறொரு பணி அழைத்தது. மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைக்கப்பட்ட துயரத்துக்குப் பின் முஸ்லிம் நாடுகள் ஒன்று கூடி இஸ்லாமிய மாநாட்டு அமைப்பை உருவாக்கின. அதன் முதல் பொதுச் செயலாளராகத் துங்கு தேர்வானார். ஜித்தாவில் 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்து, புதிய அமைப்புக்கு அடித்தளம் போட்டார். பின்னர் 1975ல் செயல்படத் தொடங்கிய இஸ்லாமிய வளர்ச்சி வங்கிக்கான முயற்சிகளிலும் அவருடைய உழைப்பு உண்டு. இஸ்லாத்துக்கு ஆற்றிய தொண்டுக்காக 1983ல் மன்னர் ஃபைசல் விருது கிடைத்தது.

முதுமையிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஆட்சியின் குறைகளைப் பத்திரிகைப் பத்திகளில் வெளிப்படையாக எழுதினார். 1987ல் அவர் எழுதிவந்த ஸ்டார் நாளிதழே தடை செய்யப்பட்டது. 1988ல் தலைமை நீதிபதி நீக்கப்பட்டபோது, தாம் கட்டிய நாட்டின் நீதித்துறைக்காக 85 வயதில் குரல் கொடுத்தார். அதே ஆண்டு அம்னோ சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் இடத்தில் உருவான புதிய கட்சியில் அவர் சேரவில்லை. 1990 டிசம்பர் 6 அன்று மறைந்து, அலோர் ஸ்டார் அருகே லங்காரிலுள்ள அரச குடும்ப அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. குதிரைப் பந்தயத்தில் அவருக்கிருந்த மோகம் ஊரறிந்தது. அதைச் சரியென்று மார்க்கம் அறிந்த எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆட்சியை அமானிதமாகக் கருதுவது என்றால் என்ன என்பதற்கு அவருடைய வாழ்வில் சான்று இருக்கிறது. பெரும்பான்மையின் தலைவராக இருந்தும் சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்கினார். நேரம் வந்தபோது நாற்காலியை விட்டார். நாற்காலி இல்லாதபோதும் நியாயம் பேசினார். இந்த மூன்றையும் நம் காலத்துத் தலைவர்களிடம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.