இதயம் ஒரு தசை என்று கண்டவர்: அருளாளர் நீல்ஸ் ஸ்டென்சன்

பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்குக் கீழே, கன்னத்தின் ஓரம் வீங்குகிறது அல்லவா? நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் மிகப் பெரியது அங்கேதான் இருக்கிறது. அதில் ஊறும் உமிழ்நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து, மேல்வரிசையின் இரண்டாம் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாயில் இறங்குகிறது. மருத்துவ நூல்கள் அதை ஸ்டென்சன் குழாய் என்கின்றன. அந்த ஸ்டென்சன் நம் திருச்சபையின் ஆயர், அருளாளர் என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நீல்ஸ் ஸ்டென்சன் 1638ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர், குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது. மருத்துவம் படிக்கச் சென்ற இளைஞர் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழாய்க்குள் மெல்லிய கருவியைச் செலுத்தியபோது அதன் நுனி பல்லில் போய்த் தட்டியது. அந்தத் தட்டலில்தான் குழாய் அகப்பட்டது. கண்ணீரும் சுரப்பிகளிலிருந்தே வருகிறது, கண்ணை ஈரமாக வைத்திருப்பதே அதன் வேலை என்றும் அவர் காட்டினார். அதுவரை அது மூளையிலிருந்து வடிகிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள்.

அடுத்து இதயம். பண்டைய மருத்துவர்கள் அதை உடலின் வெப்பத்திற்கு ஊற்று என்றும், மற்றத் தசைகளோடு சேராத தனிப்பொருள் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். அந்நாளின் புதிய தத்துவமும் அதை ஓர் அடுப்பு போலவே விளக்கியது. ஸ்டென்சன் ஒரு மாட்டு இதயத்தை வேகவைத்து, மேலுறையை உரித்து, இழை இழையாகப் பிரித்தார். முயலின் கால் தசையில் இருந்த அதே அமைப்பு அங்கேயும் இருந்தது. இதயம் ஒரு தசை. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று 1664இல் நூலாக வெளியிட்டார்.

இதயத்தைப் பற்றி இப்படிச் சொன்னவர் விசுவாசத்தை இழந்திருப்பார் என்று நாம் நினைக்கலாம். நடந்தது வேறு. லெய்டனில் படித்த காலத்தில் புதிய தத்துவத்தின் பக்கம் அவர் மனம் சாய்ந்திருந்தது. ஸ்பினோசாவும் அவருக்கு அறிமுகமானவர். ஆனால் வெந்த இதயம் அவரை வேறு கேள்வி கேட்க வைத்தது. சிறுவன்கூடக் கையால் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலேயே இவ்வளவு உறுதியாகத் தவறியவர்கள், கண்ணால் காண முடியாத கடவுளையும் ஆன்மாவையும் பற்றிச் சொல்வதை எதைக் கொண்டு நம்புவது? பின்னாளில், 1677இல், தத்துவ அறிஞர் லைப்னிட்சுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

திரு இருதய பக்தியில் வளர்ந்த நமக்கு இன்னொன்றும் தோன்றும். புனித மார்கரீத் மரியாளுக்குப் பரே-லெ-மோனியாலில் 1673 முதல் 1675 வரை ஆண்டவர் காட்சி தந்தார். அக்காட்சிகள் தொடங்கியபோது ஸ்டென்சன் இதயத்தைத் தசை என்று எழுதிப் பத்து ஆண்டுகள்கூட முடிந்திருக்கவில்லை. ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

1665இல் பாரிஸ் அறிஞர்கள் முன் மூளையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கினார்! அதன்பின், தெரிந்ததாக எழுதியவர்களின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். புகழ்பெற்ற தெக்கார்த்தும் அதில் தப்பவில்லை.

மறு ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ நகரில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாப் பவனியை நின்று பார்த்தார். இது வெறும் அப்பமானால் இத்தனை பேரும் மூடர்கள். இல்லையென்றால் நான் ஏன் வணங்காமல் நிற்கிறேன்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. புளோரன்சில் மருந்தகப் பொறுப்பிலிருந்த ஒரு துறவற சகோதரியின் செபமும் உரையாடலும் துணையாக இருந்தன. 1667 நவம்பரில் கத்தோலிக்கரானார். அதே ஆண்டில் தசைகள் பற்றிய அவருடைய பெரிய நூலும் வெளிவந்தது. தசை சுருங்கும்போது அதன் பருமன் கூடுவதில்லை என்று அதில் கணித முறையில் விளக்கினார். பெண்களின் கருப்பையருகே உள்ள உறுப்புகள் முட்டையகங்களே என்றும் அதே நூலில் கூறினார். பாறை அடுக்குகளைப் பற்றி 1669இல் அவர் எழுதியதும் சிறப்பானது. அது தனிக் கதை.

1675இல் குருவானார், 1677இல் ஆயர். ஆய்வுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரை யாரும் அப்படி வற்புறுத்தவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனால் ஹனோவரிலும் பிறகு மூன்ஸ்டரிலும் அவர் வாழ்ந்த விதம் அரைகுறைக்கு இடம் தரவில்லை. ஏழைகளுக்காக ஆயர் மோதிரத்தையும் சிலுவையையும் விற்றார். 1683இல் மூன்ஸ்டரின் புதிய ஆயர் தேர்தலில் பணம் விளையாடியது என்று எதிர்த்து நகரை விட்டே வெளியேறினார்.

கடைசியில் வடஜெர்மனியின் ஷ்வேரினில், சிறு கத்தோலிக்கக் கூட்டத்திற்குச் சாதாரணக் குருவாகப் பணிசெய்தார். கடும் வயிற்றுவலியால் 1686 டிசம்பர் 5 அன்று இறந்தபோது வயது 48. உடல் புளோரன்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, புனித லாரன்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார்.